பிள்ளையாருக்குப் போட்ட புல்

பெங்களூர் லால்பாக்கில் ஒரு காவலாளி என்னைப் பார்த்து விசில் ஊதினான். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் சயன்ஸ் டீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போன இடத்தில், கால் வலிக்கிறதே என்று அந்தப் பச்சைப் புல்தரையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். உடனே விசில். கன்னடத்தில் ஏதோ திட்டு. நாற்பது பிள்ளைகள் முன்னால் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து நின்றேன். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்தமாக ஒரு புல்தரை வளர்த்து, அதில் காலை நீட்டி, யாரும் விசில் ஊத முடியாமல் உட்காருவது என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். எனக்கு ரோஷம் அப்படித்தான். பெரிய விஷயங்களுக்கு வராது.

எங்கள் ஊரில் வீட்டு முன்னால் புல் வளர்க்க யாருக்கு இடம் இருக்கிறது? நெசவுத் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். படி இறங்கினால் தெரு. எங்களுடையது தெருவின் கடைசி வீடு, வாடகை வீடு. முன்பக்கம் ஏதோ கட்ட நினைத்து வீட்டுக்காரர் கட்டாமல் விட்ட ஒரு துண்டு மண் இருந்தது. நெசவாளர்கள் தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டுவார்கள்; அதற்குச் சதுரமாக இருக்கிற இடம் உதவாது. அதனால் அந்த மண்ணை யாரும் கேட்டு வரவில்லை.

என் கணவர் தாலுகா ஆபீசில் எழுத்தர். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஊசி ஏறும்.

"லான் போடப் போறேன்" என்றேன்.

"அதுல என்ன காய்க்கும்?"

"ஒண்ணும் காய்க்காது. சும்மா பாக்கறதுக்கு."

"பாக்கறதுக்கா" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் ஆடிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறார் என்று தெரிந்தது.

லால்பாக்கில் நான் உட்கார்ந்த புல் என்ன ஜாதி என்று எனக்குத் தெரியும். சயன்ஸ் டீச்சர் அல்லவா? சாட்சாத் அருகம்புல். பெங்களூரில் வேலி போட்டு, விசில் ஊதி, சிப்பாய் மாதிரி ஆள் நிறுத்திக் காக்கிற அந்தச் செடி எங்கள் ஊர் ஏரிக்கரையில் கேட்பாரற்றுக் கிடந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாக்கு எடுத்துக்கொண்டு போய் வேரோடு பிடுங்கி வந்தேன். மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, விரற்கடை இடைவெளியில் நட்டேன். காலையும் மாலையும் கிணற்றிலிருந்து இறைத்துப் பூவாளியால் ஊற்றினேன்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் போகிற மதில், கிணற்றின் மேலேயும் போகும். பாதிக் கிணறு எங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். ஆளுக்கொரு ராட்டினம், ஆளுக்கொரு கயிறு, தண்ணீர் மட்டும் ஒன்று. மதிலுக்குக் கீழே திறந்திருக்கிற அந்த இடைவெளி வழியாகப் பேச்சு நன்றாகக் கேட்கும். கிணற்றடியில் நானும் என் கணவரும் போட்டுக்கொண்ட சண்டைகளில் பாதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்பு வந்திருக்கிறது.

தீர்ப்புச் சொல்வது பக்கத்து வீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். பின்கட்டில் பெரிய செப்புக் கொப்பரைகளில் நாள் முழுக்கச் சாயம் கொதிக்கும். அவர்கள் வீட்டுச் சாக்கடையைப் பார்த்தே ஊரில் எந்த நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். தை மாதத்தில் அரக்குச் சிவப்பு. ஆடியில் ஒன்றும் ஓடாது. ஒரு வருஷம் திடீரென்று கத்தரிப்பூ நிறமாகவே ஓடியது. ஏதோ ஒரு சினிமாவில் கதாநாயகி கட்டியிருந்தாளாம்.

"டீச்சர், இன்னாத்துக்கு இந்தப் புல்லு?" என்று அக்கா கிணறு வழியாகக் கேட்டார்.

"அழகுக்கு அக்கா."

"அழகுக்கா? ஏரிக்கரையில போயி பாத்துக்கினு வந்தா ஆவாதா?"

எனக்குப் பால் ஊற்றுகிறவர் திருப்புட்குழியிலிருந்து சைக்கிளில் வருவார். நெல் வயல் இருந்தது அவருக்கு. அவர் என் புல்தரையை முதல் தடவை பார்த்தபோது சைக்கிளை விட்டே இறங்கிவிட்டார்.

"டீச்சரம்மா, நீங்களாவே நட்டதா இது?"

"ஆமாம்."

"எங்க வரப்புல இத்தப் புடுங்கறதுக்குத்தான்மா ஆள் வெக்கறோம். புடுங்கப் புடுங்க வருது. சொல்லியிருந்தா வண்டி வண்டியா கொண்ணாந்து கொட்டியிருப்பேனே!" அன்றைக்கு முழுக்க அவர் ஊற்றிய வீடுகளில் எல்லாம் பாலோடு இந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்தது.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பங்குனிக்குள் தரை மூடிவிட்டது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்து, காபியை எடுத்துக்கொண்டு, அதில் காலை நீட்டி உட்கார்ந்தேன். மண் ஈரம் புடவை வழியாக ஏறியது. எறும்பு கடித்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம், சம்பளம் உயர்ந்த அன்றுகூட வந்ததில்லை.

அதற்கப்புறம்தான் தெருவுக்கு என் புல்லின் அருமை தெரிந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். பிள்ளையார் இருந்தால் அருகம்புல் வேண்டும். இத்தனை நாள் ஏரிக்கரை வரை நடந்தவர்கள், இதோ கூப்பிடு தூரத்தில் சுத்தமாக, ஆடு மாடு மிதிக்காமல், தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்த புல் இருக்கும்போது எதற்கு நடப்பார்கள்? சங்கடஹர சதுர்த்தி வந்தால் போதும், விடிவதற்குள் என் லானில் அங்கங்கே சொட்டை விழுந்திருக்கும். "சாமிக்குத்தான் டீச்சர்" என்பார்கள். சாமி பேரைச் சொன்னால் நான் என்ன செய்ய? என் கணவர் மட்டும், "நீயும் ஒரு விசில் வாங்கிக்கோ" என்றார்.

ஆடி மாதத்தில் இன்னொரு வகைச் சொட்டை விழ ஆரம்பித்தது. இது யாரும் கிள்ளியது இல்லை. வட்ட வட்டமாகப் புல் பழுத்துக் காய்ந்தது. இழுத்துப் பார்த்தால் வேர் இல்லாமல் கையோடு வந்தது. தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுருண்ட புழு. ஒரு வாரத்துக்குள் பாயின் அகலத்துக்கு இரண்டு வட்டம். எனக்குத் தூக்கம் போயிற்று. சாம்பல் தூவினேன், வேப்பம் புண்ணாக்குப் போட்டேன். புழுக்கள் அதையும் ரசித்துச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

பால்காரரிடம் சொன்னேன். மறுநாள் இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலை எடுத்தார். பால் கேனை வைத்திருந்த அதே சைக்கிளில்தான் அதுவும் வந்திருந்தது.

"எண்ட்ரின்மா. நெல்லுக்கு அடிக்கிறது. ஒரு பக்கெட்டு தண்ணிக்கு ஒரு மூடி. அதுக்கு மேல வாணாம். கையில படாம ஊத்துங்க. ஒரு மாசத்துக்கு மாடு மேயாம பாத்துக்கோங்க."

"எங்க வீட்டுல மாடு ஏதுங்க?"

"அப்பிடின்னா கவல இல்ல" என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்து ஊற்றினார்.

ஒரு மூடி என்றார். நான் மூன்று மூடி ஊற்றினேன். பரீட்சைத் தாளில் அரை மார்க் அதிகமாகப் போடமாட்டேன் என்று பெயர் எடுத்தவள் நான். என் லான் என்று வந்ததும் கை தாராளமாகிவிட்டது. கலக்குவதற்குக் குச்சி தேடச் சோம்பல்பட்டு விரலாலேயே கலக்கினேன். பூவாளியில் ஊற்றித் தரை முழுக்கத் தெளித்தேன். காய்ந்த இடத்துக்கு மட்டும் போதாதே, நல்ல இடத்துக்கும் புழு வராமல் இருக்கட்டும் என்று அங்கேயும் தெளித்தேன். மிச்சத்தைக் கொட்ட மனசு வரவில்லை. அதையும் தெளித்தேன்.

அன்று சாயங்காலம் தலை கனத்தது, வயிற்றைப் பிரட்டியது. இடது கண் இமை துடித்துக்கொண்டே இருந்தது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்ல செய்தி என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நல்லது நடக்கப்போகிறது என்று இரண்டு நாள் காத்திருந்தேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது.

புழு செத்தது. மண்புழுவும் செத்தது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தெருக்காரர்களிடம், "மருந்து அடிச்சிருக்கேன், யாரும் கிள்ளாதீங்க" என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. புல் தர மனசில்லாமல் சாக்குச் சொல்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். அக்காகூட, "ஏன் டீச்சர், சாமிக்குப் போட்டா கொறஞ்சா பூடும்?" என்று கிணறு வழியாகக் குத்தினார். கஞ்சம் என்ற பெயர் எனக்கு ஆகவே ஆகாது.

நாலு நாள் கழித்துப் பிள்ளையார் சதுர்த்தி வந்தது.

அதற்கு முதல் நாள் நான் யோசித்த யோசனையைத்தான் இத்தனை வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. நன்றாகவே யோசித்தேன். மருந்து விஷம்தான். விஷம் எப்போது கெடுதல்? சாப்பிட்டால். இந்தப் புல்லை யார் சாப்பிடப் போகிறார்கள்? மாடா, ஆடா? பிள்ளையார். களிமண் பிள்ளையார். அவர் ஒன்றும் மெல்லப் போவதில்லை. புல் சாமி மேல் கிடக்கும், வாடும், அவ்வளவுதான். இப்படி வரிசையாக எண்ணிப் பார்த்து, சரி என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டு, அரிவாளை எடுத்து லானை ஒட்ட வெட்டினேன். கத்தை கத்தையாக வாழைநாரில் கட்டி, தெருவில் ஒரு வீடு விடாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தெருவே வாயைப் பிளந்தது. அக்கா கத்தையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நான் சொன்னதுக்குக் கோச்சிக்காதே டீச்சர்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்தது.

அப்போது அக்காவின் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கையில் கண்ணாடி வளையல் முழங்கை வரை. அவள் தண்ணீர் இறைத்தால் அந்தப் பக்கம் ஒரு சின்னக் கச்சேரியே நடக்கும். வெயிலுக்கு அவளுக்கு ஓயாத தாகம். சொம்பு சொம்பாகக் குடிப்பாள்.

எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்கும் குன்றிமணிக் கண் வைத்து, காகிதக் குடை பிடித்து, கொழுக்கட்டை படைத்தேன். அந்த வருஷம் தெருவில் எல்லாப் பிள்ளையாரும் கழுத்து தெரியாமல் என் புல்லில் மூழ்கிக் கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலை வழக்கம்போல எல்லாரும் அவரவர் பிள்ளையாரைத் தூக்கி, எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லுமாக, அவரவர் கிணற்றில் மெதுவாக இறக்கினார்கள். எங்கள் பாதியில் எங்களுடையதை நான் இறக்கினேன். அந்தப் பாதியில் அக்கா இறக்கினார். இரண்டு பிள்ளையாரும் ஒரே தண்ணீரில் கரைந்தார்கள்.

எனக்குக் கிணறு ஞாபகமே வரவில்லை. பிறந்ததிலிருந்து வருஷாவருஷம் செய்கிற காரியம். கை தானாகச் செய்யும். மூளையிடம் கேட்காது.

மறுநாள் காலை அக்காவின் குரல் கிணறு வழியாக வந்தது. "டீச்சர், இங்க வந்து பாரு, மீனெல்லாம் மெதக்குது."

கொசு முட்டையைத் தின்பதற்காக எங்கள் பக்கத்தில் கிணறுகளில் சின்ன மீன் விட்டு வைப்பார்கள். எட்டிப் பார்த்தேன். வாடிய புல்லுக்கு நடுவில் வெள்ளி வெள்ளியாக வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு விஷயம் புரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை. அதே விநாடியில் அந்தப் பக்கம் வளையல் சத்தமும் கேட்டது. அவள் சொம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அதக் குடிக்காதே!" என்று கத்தினேன்.

"இப்பதான் டீச்சர் குடிச்சேன். ஏன், மீனு செத்ததுக்கா? வடிகட்டிட்டேன்" என்றாள்.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்துவிட்டேன். "காய்ச்சிக் குடி, தண்ணி கெட்டிருக்கு" என்று மட்டும் சொன்னேன். உள்ளே வந்து எங்கள் வீட்டுத் தண்ணீரையும் பெரிய அண்டாவில் ஏற்றிக் கொதிக்கவிட்டேன். கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காய்ச்சினா கிருமி சாகும். விஷம் எப்படி டீச்சர் சாகும்?"

கல்யாணமான நாளாக அவர் என்னைக் கிண்டலுக்குத்தான் டீச்சர் என்பார். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. அந்த வீட்டிலும் மீன் செத்தது, இந்த வீட்டிலும் செத்தது. ஒரு வீட்டில் கிணற்று ஆமை மல்லாந்து கிடந்தது. சாயங்காலம் பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம் கூடியது. யாரைக் குற்றம் சொல்வது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சாயக்காரரைத்தான். கலர் கலராகச் சாக்கடையில் விடுகிறவர் அவர் ஒருத்தர்தானே?

"உன் சாயத் தண்ணிதான் நெலத்துல எறங்கிடிச்சு" என்றார் ஒருவர்.

சாயக்காரர் அமைதியான மனிதர். கை மணிக்கட்டு வரை ஊதா நிறத்தில் இருந்தது. அதை ஒளிக்கத் தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். "முப்பது வருசமா சாயம் போடறேன். என் கெணத்து மீனு ஒண்ணு சாவல. இப்ப மட்டும் எப்படிய்யா? என் பொண்ணும் அந்தத் தண்ணியத்தானே குடிக்குது?" என்றார். அதைக் கேட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"அவர் இல்லைங்க. நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். புழு, பாட்டில், மூன்று மூடி, புல்கட்டு, கிணறு.

கூட்டம் என்னை அடிக்க வரும் என்று நினைத்தேன். சிரித்தது. ஒரு அம்மாள், "சாமி மேல போட்ட புல்லு எப்படி டீச்சர் விசமாவும்? தொட்டதுமே சுத்தமாயிடாதா?" என்று கேட்டார். இன்னொருவர், பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்ற டீச்சர் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று என்னைப் புகழவே ஆரம்பித்துவிட்டார். வகுப்பில் புரியவைக்க முடியாத பாடம் என்று எனக்கு எதுவும் இருந்ததில்லை. அன்றைக்கு என் குற்றத்தை நிரூபிக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது, அதாவது என்னை மாட்டிவிட்டது, பால்காரர். சாயங்காலப் பால் ஊற்ற வந்தவரைக் கூட்டம் பிடித்துக்கொண்டது.

"ஆமா, நான்தான் குட்த்தேன். வீரியமான மருந்துதான். போன வருசம் வயலுக்கு அடிச்சப்ப எங்க வாய்க்கால்ல கெளுத்தி மெதந்துச்சு. வீணாப் போவுதேன்னு பொறுக்கியாந்து கொழம்பு வெச்சிட்டோம்."

"சாப்பிட்டு?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ரெண்டு நாளு வூடு முழுக்கத் தல சுத்தல், வாந்தி. வெயிலு அதிகம்னு நெனச்சிக்கினோம்." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். மீனுக்கும் வாந்திக்கும் உள்ள சம்பந்தம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. பால் கேனின் மூடியை இறுக்கி மூடினார்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அக்கா கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். வேகமாகக்கூடப் போகவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பால்காரரே தன் ஊரிலிருந்து ஆயில் என்ஜின் ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார். ஒவ்வொரு கிணறாக அடி தெரியும்வரை இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைத்தார்கள். இப்படியே ஒரு வாரம். அத்தனை தண்ணீரும் சாக்கடையில் ஓடியது, சாக்கடை ஏரிக்குப் போனது. ஏரியில் என்ன ஆயிற்று என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்னொரு தவறு செய்கிறோம் என்று எனக்கும் தோன்றவில்லை.

கிணறு ஊறியது. ஆனால் அந்தத் தண்ணீரை அந்தப் பெண் குடிக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு தெரு தள்ளி நகராட்சிக் குழாய் இருந்தது. தினமும் காலையில் இரண்டு குடத்தோடு போய் வரிசையில் நின்றேன். முன்னால் நிற்கிற பெண் என்னிடம் எட்டாம் வகுப்புப் படிப்பவளாக இருப்பாள். "டீச்சர், நீங்க மொதல்ல புடிங்க" என்பாள். சுகாதாரம் பாடத்தில், குடிநீரைப் பாதுகாப்பது எப்படி என்ற கேள்விக்கு நான் ஐந்து மார்க் போட்ட பிள்ளையைத் தாண்டி எந்த முகத்தோடு முன்னால் போவது? பின்னாலேயே நிற்பேன். என் கணவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, தாலுகா ஆபீஸ் ஆட்கள் பார்க்க ஊர்வலமாக வருவார். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, வழியில் குடம் சரிந்து முழுக்க நனைந்து வந்து நின்றபோது மட்டும், "லான்ல என்ன காய்க்கும்னு கேட்டேனே, இதான்" என்றார்.

குடத்தை அக்கா வீட்டு வாசலில் வைப்பேன். காலிக் குடம் அங்கே தயாராக இருக்கும். பேச்சில்லை. குடம் மட்டும் மாறும்.

லானைப் பிடுங்கி எறிந்துவிட்டேன் என்று சொன்னால் எழுத்துக்கு நன்றாக இருக்கும். பிடுங்கத்தான் செய்தேன். அருகம்புல்லைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும். மேலே எடுத்தால் கீழே ஓடும். ஒரு மழைக்கு மறுபடி பச்சை. மீன், மண்புழு, ஆமை என்று எல்லாவற்றையும் கொன்ற மருந்து அந்தப் புல்லை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. பிடுங்கியதை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி. குப்பையில் போட்டால் மாடு தின்னும். குழி தோண்டிப் புதைக்கலாம் என்றால் கிணறு பத்தடி தூரத்தில். மூட்டையாகக் கட்டி மொட்டை மாடியில் மாதக்கணக்கில் வைத்திருந்தேன்.

அந்த இரண்டு மாதமும் நான் என்ன நினைத்துக்கொண்டு இருந்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே இருப்பேன், அந்த வளையல் சத்தம் காதில் கேட்கும். எத்தனை சொம்பு குடித்திருப்பாள்? பிள்ளையாரைக் கரைத்த அன்று காலையிலிருந்து மறுநாள் காலை வரை. வெயில் நாள். நாலு? ஆறு? மீன் தாங்காததை, இன்னும் பிறக்காத ஒன்று தாங்குமா? அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். "இப்போதைக்கு நல்லா இருக்கா. பொறக்கட்டும், பாப்போம்" என்றார். அதற்குமேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசி அடைமழையில் பிறந்தது. பெண் குழந்தை. சேதி தெரிந்தும் உள்ளே போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. மூன்றாம் நாள், தண்ணீர்க் குடத்தை வாசலில் வைக்கப் போனபோது அக்கா, "உள்ள எடுத்தாந்து வையி" என்றார். அவர் என்னிடம் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பெண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய புடவைத் துணியில் குழந்தை. நான் குனிந்து பார்க்கிற சாக்கில் துணியை லேசாக விலக்கி விரல்களை எண்ணினேன். கை, கால். கண்ணைப் பார்த்தேன். காது மடலைப் பார்த்தேன்.

"எல்லாம் சரியா இருக்குது. நான் எண்ணிட்டேன்" என்றார் அக்கா பின்னாலிருந்து.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அத்த விடு. நீ படிச்சவ, ஒண்ணு சொல்லு. இப்பத் தெரியறது எல்லாம் நல்லாத்தான் இருக்குது. உள்ளுக்குள்ள எதுன்னா இருந்து பின்னாடி வருமா? எத்தினி வருசம் நான் பாத்துக்கினே இருக்கணும்?"

எந்தக் கேள்வி கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் என்னுடையது. தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்றாவது சொல்லிவிடுவேன். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பாயில் உட்காரச் சொன்னார். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"அப்ப நீயும் பாத்துக்கினு இரு" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் அந்தக் குழந்தையின் அப்பா வீடு. பல் முளைத்ததைப் பார்த்தேன், நடந்ததைப் பார்த்தேன், எங்கள் பள்ளியிலேயே சேர்ந்து முதல் வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை அவளுக்குச் சளி பிடித்தபோதும், காய்ச்சல் வந்தபோதும், அவள் அம்மாவுக்கும் முந்தி நான் பயந்தேன்.